உப்புக் காற்றில் ஒரு தளம்

கோடியக்கரையில் கட்டடமும் மரபும் என்று பேச்சு எழுந்தால், எல்லோரும் சோழர் காலத்தது எனப்படும் செங்கல் கலங்கரை விளக்கத்தைத்தான் சொல்வார்கள். எஞ்சி நின்ற அதன் பகுதியும் 2004 ஆழிப்பேரலையில் சரிந்துபோனது. என் கண்ணுக்கு இந்தக் கரையின் மூத்த கட்டடக்கலை கூரை வீடுதான். ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை கீற்று மாற்றியாக வேண்டும். அந்த வேலையிலேயே அப்பனிடமிருந்து பிள்ளைக்குத் தொழில் கைமாறியது. பனஞ்சட்டம், மூங்கில், கயிறு எல்லாம் பக்கத்திலேயே கிடைத்தன. தாழ்ந்த இறவாரம் வெயிலைத் தடுத்தது.

அதற்காக அந்த வீட்டைப் புகழ்ந்துகொண்டே இருக்க மனம் ஒப்பவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கூரைகள் பறந்தன. தென்னந்தோப்புகளும் சாய்ந்ததால் கீற்றுக்கான மரமே போயிற்று. தீ பயம் எப்போதும் உண்டு. கூரை மாற்றும் செலவு ஏழைக்கு முடிவில்லாத வரி. கூரை வீட்டின் அழகைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதற்குள் படுத்து உறங்காதவர்கள்.

ஆகவே 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டும் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தின் நோக்கம் சரியானது. புயல் இரவில் தலைக்கு மேல் தளம் வேண்டும். ஆனால் கடலோரத்தில் கான்கிரீட்டுக்கும் ஆயுள் உண்டு. காற்றில் வரும் உப்பு மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு பருத்துத் தளத்தைப் பெயர்க்கிறது. கீற்று மக்கினால் வெளியே தெரியும், வீட்டுக்காரரே மாற்றிவிடலாம். கம்பி துருப்பிடிப்பது காரை உதிரும்வரை தெரியாது. தெரியும்போது கொத்தனாரும் பெரும்பணமும் வேண்டும். கட்டுவதற்கு அரசு பணம் தருகிறது. பழுது பார்க்கும் காலம் அந்தக் கணக்கில் வருவதில்லை. இந்தத் திட்டத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 இதற்கு வழி சொல்லியிருக்கிறது. கடற்கரைக் காற்று நேரே படும் கான்கிரீட்டில் கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட், அதாவது கவர், 45 மி.மீ. வேண்டும், பாதிப்பில்லாத இடங்களில் 20 மி.மீ. போதும். கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊருக்குப் போடும் அதே தளத்தைக் கோடியக்கரையிலும் போட்டால் வரப்போகும் தலைமுறைக்குக் கடனைத்தான் விட்டுச்செல்வோம். திட்ட வீட்டின் 360 சதுர அடியில் 300-க்குத்தான் கான்கிரீட் கட்டாயம். மிச்சம் 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போடலாம். அதில் ஓடு வேய்ந்து, இறவாரம் தாழ்த்தி, ஒரு திண்ணை வைக்கட்டும். தளம் போடும் அன்று கவரை அளந்து பார்க்க ஒரு பொறியாளர் நேரில் வந்து நிற்கட்டும்.