கணக்கேடும் இசைவாணரும்

16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கில நகரங்கள் பலவற்றில் ‘வெயிட்சு’ எனப் பெயர் பெற்ற இசைவாணர் நகர்மன்றத்தின் ஊழியராய் விளங்கினர். ஊதியமும் சீருடையும் அவர்க்கு உண்டு. நகருக்குரிய வெள்ளிச் சங்கிலியை அணியும் சிறப்பும் பல ஊர்களில் இருந்தது. ஆர்லண்டோ கிப்பன்சு என்னும் புகழ்வாய்ந்த இசைப்புலவரின் தந்தையார் கேம்பிரிட்சில் இத்தொழில் புரிந்தவரே. இவர்தம் வரலாற்றுக்குத் தலையாய சான்று நகர்ப் பொருளாளர் எழுதிய கணக்கேடாகும். அச்சான்றினைக் கொண்டு சிலர் துணியும் முடிவுகள் ஏற்புடையனவல்ல என்பது எம் கருத்து.

கணக்கேடு எதன்பொருட்டு எழுந்தது என்பதை முதற்கண் நோக்குவோம். பல நகரங்களில் கணக்காண்டு செப்டம்பர் 29, மைக்கேல் திருநாளில் தொடங்கும். வரவெல்லாம் பொருளாளர் தலைமேற் பொறுப்பாக முதலில் எழுதப்படும். செலவெல்லாம் அப்பொறுப்பினின்று கழிக்கப்படும். எஞ்சிய தொகைக்கு அவரே கடன்பட்டவர். ஆதலின் அவர் எழுதியது தம்மை விடுவித்துக் கொள்ளற்கேயன்றி இசை வரலாறு வரைதற்கன்று. எப்பண் இசைக்கப்பட்டது, கேட்டவர் யாவர் என்பன அவர்க்கு வேண்டாதவை.

ஊதியத்தின் திறமும் இதுவே. கவென்ட்ரி போன்ற ஊர்களில் வீடுதோறும் இசைவாணர்க்கெனக் காசு தண்டும் வழக்கம் 15-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. திருமண வீட்டிலும் அயலூரிலும் பெற்றது வேறு. இவை பொருளாளர் கையைக் கடந்து செல்லாதவை. ஏட்டிலுள்ள தொகையொன்றையே கண்டு ‘இவர் வறியர்’ என்பார் கூற்று எங்ஙனம் பொருந்தும்?

நடிகர்க்கு அளித்த பரிசிலோ இன்னும் மயக்கம் தருவது. நார்விச் நகரம் நடிகர்க்கு ஆடியதற்கேயன்றி, ஆடாது அகல்வதற்கும் பணம் கொடுத்தது. காரணம் குறிக்கப்பட்ட வரியில் ஐயமில்லை. வெறும் தொகை மட்டும் நிற்கும் வரியைக் கொண்டு அன்று நாடகம் நடந்தது எனத் துணிதல் யாங்ஙனம்?

1979-இல் யார்க், செசுட்டர் நகரங்களின் தொகுதிகளோடு டொராண்டோவிலிருந்து வெளிவரத் தொடங்கிய ‘தொன்மை ஆங்கில நாடக ஆவணங்கள்’ என்னும் வரிசை பேருழைப்பின் பயன். அதனை நாடாது இத்துறையில் ஓரடியும் எடுத்து வைத்தல் அரிது. எனினும் அது கலை தொடர்பான வரிகளையே தேர்ந்து தருவது. குழலூதியின் ஊதியம் மூலத்தில் பாலம் செப்பனிட்ட கூலியோடு நின்றிருக்கும். தொகுதியிலோ அது தனித்து நிற்கிறது. நகரின் மொத்தச் செலவில் இசை பெற்ற இடத்தை அத்தனிவரி கொண்டு அளத்தல் இயலாது. ஆவணங்களின் இயல்பினைப் பதிப்பாசிரியர் முன்னுரையில் விளக்கவே செய்கின்றனர். எடுத்தாள்வோர் முன்னுரை படிப்பதில்லை போலும்.

ஏட்டின் எல்லையைக் காட்டவும் நார்விச்சே போதும். 1589-இல் போர்ச்சுகல் படையெடுப்புக்குப் புறப்பட்ட டிரேக்கு அந்நகர் இசைவாணரைத் தம்முடன் அனுப்புமாறு வேண்டினார். நகர்மன்றம் இசைந்து மேலங்கிகளும், நம் நாகசுரம் போன்ற இரட்டைச் சீவாளிக் குழல்களும் அவர்க்கு வாங்கித் தந்தது. துணியும் குழலும் விலையுடையன. ஆதலின் கணக்கில் ஏறத்தக்கன. 1600-இல் இலண்டனிலிருந்து நார்விச் வரை நடனமாடிச் சென்ற வில் கெம்பு என்னும் நகைச்சுவை நடிகர், தம் பயண நூலில் அவ்வூர் இசைவாணரின் வில்லிசைக் கருவித் திறனையும் குரல்வளத்தையும் வியந்து பாராட்டுகிறார். அக்குரலை நாம் அறிவது கேட்டவர் ஒருவர் எழுதி வைத்தமையால்.