மேசைக்கும் கைக்கும் ஒரே கணினி: சில முயற்சிகள், ஒரு மதிப்பீடு

மேசைக் கணினியையும் கைபேசியையும் ஒன்றாக்கும் முயற்சிகளைப் பற்றிய விவாதம் பத்தாண்டுக்கும் மேலாக ஒரே இடத்தில் சுற்றி வருகிறது: இரண்டுக்கும் ஒரே இடைமுகம் போதுமா, தனித்தனியே வேண்டுமா? இந்தக் கேள்வியால் யாருக்கும் தீர்ப்பு கிட்டவில்லை. நான் கையில் எடுக்கும் அளவுகோல் வேறு. விரலை விட்டு மவுஸைப் பிடிக்கும்போதும், சின்னத் திரையை விட்டுப் பெரிய திரைக்கு வரும்போதும் அந்த மாற்றத்தின் சுமை யார் மேல் விழுகிறது? பயன்படுத்துபவர் மேலா, இயங்குதளத்தின் மேலா?

இந்த அளவுகோலுக்கு முன் மிகக் கடுமையாகத் தோற்பது விண்டோஸ் 8. அதன் துணிச்சலை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2012 அக்டோபர் 26 அன்று மைக்ரோசாஃப்ட், உலகின் அலுவலகங்களெல்லாம் பழகியிருந்த ஸ்டார்ட் பொத்தானை எடுத்துவிட்டு முழுத்திரைக் கட்டங்களை வைத்தது. அந்தக் கட்டங்களின் எழுத்தமைப்பு தெளிவானது. நிழல், பளபளப்பு என்ற போலி அலங்காரங்களைத் துறந்தது. கையில் பிடித்த பலகைக் கணினியில், விளிம்பிலிருந்து விரலை இழுத்துச் செய்யும் சைகைகள் நன்றாகவே சிந்திக்கப்பட்டிருந்தன.

ஆனால் அதே இயங்குதளத்தை மேசையில் வைத்துப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டரைத் திறந்து ஒரு படத்தை இருமுறை சொடுக்குகிறோம். டெஸ்க்டாப்பே மறைந்து, திரை முழுவதும் ஃபோட்டோஸ் செயலி விரிகிறது. மூடுவதற்குப் பெருக்கல் குறி இல்லை. மேல் விளிம்பைப் பிடித்துத் திரையின் அடிவரை இழுக்க வேண்டும். விரலுக்கு அது இயல்பான அசைவு. மவுஸ் பிடித்த மணிக்கட்டுக்கு வீண் வேலை. இலக்கு எவ்வளவு தொலைவு, எவ்வளவு பெரிது என்ற இரண்டைப் பொறுத்தே அதை எட்டும் நேரம் அமையும் என்று பால் ஃபிட்ஸ் 1954-லேயே வகுத்துவிட்டார். விரலுக்காகப் பெரிதாக்கிய இலக்குகளை மவுஸுக்காக நெருக்கி வைக்க யாரும் முனையவில்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இரண்டு இருந்தன. ஒன்றில் திறந்த பக்கம் மற்றதில் தெரியாது. அமைப்புகளை மாற்றும் இடங்களும் இரண்டு. ஒரே கூரையின் கீழ் இரண்டு குடித்தனம் நடந்தது. சுவரைத் தாண்டித் தாண்டிப் போய்வரும் வேலை மட்டும் பயன்படுத்துபவருக்கு.

மக்கள் புதுமையை வெறுத்தார்கள் என்று விண்டோஸ் 8-க்காக வாதாடியவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. கற்றதற்குப் பலன் இருந்தால் எவரும் கற்றுக்கொள்வார்கள். கீபோர்டும் மவுஸும் வைத்து வேலை செய்தவருக்கு இந்தப் பாடத்தால் கிடைத்தது ஒன்றுமில்லை. 2013 அக்டோபரில் 8.1 பதிப்பு ஸ்டார்ட் பொத்தானைத் திருப்பித் தந்தது. 2014 ஏப்ரல் மேம்பாடு, முழுத்திரைச் செயலிகளுக்கும் தலைப்புப் பட்டையையும் மூடும் குறியையும் சேர்த்தது. இந்தத் திருத்தங்களே குறையைப் படைத்தவர்களின் ஒப்புதல் வாக்குமூலம்.

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிடும் கனானிக்கல் நிறுவனத்தின் முயற்சி இதற்கு நேரெதிர்: செயலில் தோல்வி, முறையியலில் சாதனை. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் அதை எடைபோட முடியாது. 2013 ஜூலையில் உபுண்டு எட்ஜ் கைபேசிக்காக 3.2 கோடி டாலர் திரட்ட முனைந்து, சுமார் 1.28 கோடி டாலருக்கான உறுதிமொழிகளுடன் நின்றார்கள். கைபேசியைத் திரையோடு இணைத்தால் அதுவே முழுக் கணினி ஆகிவிடும் என்பது வாக்குறுதி. 2016-இல் பிக்யூ நிறுவனத்தின் எம்10 பலகைக் கணினியில் அந்த வாக்குறுதியைத் தொட்டுப் பார்க்கும்படி தந்தார்கள். மவுஸ் இணையாதபோது ஒவ்வொரு செயலியும் திரையை நிறைத்து நிற்கும். இணைந்தால் அதே செயலி, செய்துகொண்டிருந்த வேலையோடு, நகர்த்தவும் சுருக்கவும் முடிகிற சாளரமாக மாறும். இதற்கென எழுதிய செயலிகளில், குறுகிய இடத்தில் ஒரே பத்தியாக ஓடும் பட்டியல் அகன்ற இடத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்கும். கையில் இருக்கும் கருவி எது என்பதை இயங்குதளம் கவனித்து, தானே இணங்கிக்கொண்டது. சுமை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இத்துறையில் இதைவிடச் சரியான முறையை நான் கண்டதில்லை.

ஆனால் அந்த முறைக்குப் பொருந்தும் செயலிகள் போதவில்லை. எம்10-இல் லிப்ரே ஆஃபிஸ் என்ற அலுவலகத் தொகுப்பு வந்தது, ஜிம்ப் என்ற படத்திருத்தி வந்தது. இரண்டும் மவுஸுக்காகவே எழுதப்பட்டவை, தனிப் பெட்டகத்துக்குள் ஓடியவை. லிப்ரே ஆஃபிஸின் மெனுவில் ஒரு வரியைத் தொட நினைத்தால் விரல்நுனி பக்கத்து வரிகளையும் சேர்த்து மறைத்துவிடும். 2 ஜிபி நினைவகம் இவ்வளவையும் தாங்கத் திணறியது. இன்னொரு பிழை மூலோபாயத்தில். லினக்ஸ் உலகம் வேலண்ட் என்ற திரைநெறிமுறையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது, கனானிக்கல் 2013 மார்ச்சில் மிர் என்ற சொந்தப் பாதையை அறிவித்தது. வன்பொருள் முதல் செயலிக் கடை வரை அனைத்தையும் தானே கட்ட நினைத்த ஒரு நடுத்தர நிறுவனம், உதவக்கூடிய நண்பர்களையும் அந்த முடிவால் விலக்கியது.

2017 ஏப்ரல் 5 அன்று கனானிக்கல் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் திட்டத்தைக் கைவிட்டார்; தம் கணிப்பு தவறிவிட்டதாக வெளிப்படையாக எழுதினார். அந்த நேர்மையை மதிக்கிறேன், முடிவை மறுக்கிறேன். சந்தை நிராகரித்தது ஒரு நிறுவனத்தின் திறனை. கோட்பாட்டைச் சோதிக்கும் அளவுக்கு ஆட்டம் போகவே இல்லை. யூபிபோர்ட்ஸ் தன்னார்வலர்கள் அந்த இடைமுகத்தை லோமிரி என்ற பெயரில் காப்பாற்றி வருகிறார்கள். பியூரிசம் நிறுவனம் தன் லிப்ரம் 5 கைபேசிக்காக எழுதிய லிப்ஹேண்டி நூலகமும் அதே நெறியில்தான் சென்றது. அதன் வாரிசான லிப்அட்வைட்டா இன்று க்னோம் என்ற லினக்ஸ் மேசைச்சூழலின் செயலிகளுக்கு அடித்தளம். ஒரு க்னோம் சாளரத்தின் ஓரத்தைப் பிடித்துக் குறுக்கிப் பாருங்கள். அது கைபேசிச் செயலியின் உருவத்துக்கு மடங்கும்.

கைபேசியைப் பெரிய திரையில் கணினிபோல் இயக்கும் சாம்சங்கின் டெக்ஸ் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 2017-இல் கேலக்ஸி எஸ்8-உடன் வந்தது, இன்றும் வேலை செய்கிறது, தன் எல்லையை அறிந்தது. பெரிய திரைக்கெனச் செயலிகளைத் திருத்தி எழுதும் ஊக்கத்தைப் படைப்பாளிகளிடம் அதனால் எழுப்ப முடியவில்லை.

ஆப்பிளுக்கு வருவோம். குளிர்சாதனப் பெட்டியையும் ரொட்டி வாட்டியையும் ஒன்றாக்கலாம், ஆனால் யாருக்கும் பிடிக்காது என்ற பொருள்பட அதன் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் 2012-இல் பேசினார். கொள்கையில் மறுத்த நிறுவனமே செயலில் எல்லோரையும்விட மேலே போனது. 2014-இல் வந்த ஹேண்டாஃப் வசதி, திரைகளைத் தனித்தனியே விட்டுவிட்டு வேலையை மட்டும் இணைத்தது: ஐபோனில் பாதி எழுதிய மின்னஞ்சல் அருகிலிருக்கும் மேக்கின் டாக்கில் ஓர் ஐகானாக வந்து நிற்கும், சொடுக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2020 மார்ச்சில் ஐபேட்ஓஎஸ் 13.4 செய்தது இன்னும் நுட்பமானது. மவுஸை இணைத்தால் அம்புக்குறிக்குப் பதில் விரல்நுனி அளவில் ஒரு வட்டம் தோன்றும். பொத்தானை நெருங்கியதும் அந்த வட்டமே பொத்தானின் வடிவை எடுத்து அதன்மேல் படியும். விரலுக்காக வரைந்த பொத்தானை மாற்றாமல், சுட்டும் குறியையே மாற்றிவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் தேடாத விடை இது. 2025-இல் ஐபேட்ஓஎஸ் 26 விருப்பம்போல் அளவு மாற்றும் சாளரங்களையும் மெனு பட்டையையும் தந்தபோது, மறுத்த இடத்துக்கே ஆப்பிள் வந்து சேர்ந்தது. ஆனால் படிப்படியாக வந்தது. வரும் வழியில் எவர் வேலையையும் குலைக்கவில்லை.

எனவே செய்நேர்த்தியில் ஆப்பிளுக்கே முதலிடம். முழுமையில் அந்த இடத்தைத் தர மாட்டேன். ஹேண்டாஃபின் இசைவு இரண்டு கருவிகளையும் அதே நிறுவனத்திடம் வாங்கியவருக்கு மட்டுமே. கைபேசி ஒன்றே தன் ஒரே கணினியாக இருப்பவருக்கு, இந்தியாவில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம், உபுண்டு நீட்டிய வாக்குறுதிதான் பொருளுள்ளது. 2023-இல் ஐபோன் 15 யூஎஸ்பி-சி துளையோடு வந்தது. கணக்கிடும் திறனில் அதற்குக் குறையில்லை. அதை ஒரு மானிட்டரில் செருகினால், தனக்கென ஏற்பாடு செய்துகொண்ட சில செயலிகளைத் தவிர, கைபேசித் திரையின் நகல்தான் பெரிதாகத் தெரிகிறது. சாளரங்கள் வருவதில்லை. ஐபேடுக்குச் செய்து முடித்த வேலையை ஐபோனுக்குத் தராமல் வைத்திருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதையும் என்னால் காண முடியவில்லை. அது தரப்படும்வரை ஆப்பிளின் சாதனை பாதிச் சாதனை என்றே குறிப்பேன்.