ஆளில்லாத அரியணை

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்தது, தூர்தர்ஷனிலும் ஒளிபரப்பாயிற்று. குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். சாகும் வயதையும் அரசே குறிக்கும். ஆளும் ஜீவாவோ, பின்னர் தெரிவதுபோல, வெறும் ஒளிப்பிம்பம்.

இதனை மேடையேற்றுவதானால், இயந்திர நாய் ஜீனோவை எப்படிக் காட்டுவது என்பதே முதலில் எழும் கேள்வி. வீண் கவலை. தூத்துக்குடி அருகே 1867இல் பிறந்த சங்கரதாச சுவாமிகளின் ‘ஞானசௌந்தரி’யில், கை வெட்டுண்ட பெண்ணுக்காக அழுத மக்கள் நம்மவர்; நாய்வேடமிட்ட சிறுவனே போதும்.

கடினம் ஜீவாதான். நடிகரின் உடல் வந்து நின்றால் கதையே பொய்த்துவிடும். காலி ஆசனம் வைத்தாலோ மர்மம் கலையும். வெள்ளைத் திரையில் நிழலாகக் காட்டி, இறுதியில் திரையை விலக்கலாம்.

திருமுழுக்குப் பதிவேட்டில் பெயரெழுதிப் பழகிய எனக்கு, நிலா தாய்மைக்கு அனுமதி வேண்டி நிற்பதே நாடகத்தின் உயிர். அங்கே பின்னணி இசை வேண்டாம். அவையோரும் அவளோடு காத்திருக்கட்டும்.