குடியேறியவர்கள், குடியிருந்தவர்கள்: ஒரு வளைகுடா, இரண்டு நாவல்கள்

ஒரு குடும்பம் எங்கோ தேசத்தின் கடைசியில் கிடக்கிற ஊருக்குப் போய்ச் சேருகிறது. புழுதி, வெயில், தகரக் கூரை, ஈ. பெண் முதலில் அழுகிறாள். ஆண் வேலைக்குப் போகிறான். ஒரு மழைக்காலம் கழிகிறது, அடுத்ததும் கழிகிறது. அதற்குள் அது ‘நம்ம ஊர்’ ஆகிவிடுகிறது. ஆஸ்திரேலிய எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிற கதையாடல் இது. பாலையும் கடலும் முட்டிக்கொள்கிற வடக்குக் கரையின் சிற்றூர்கள் இதற்கென்றே செய்து வைத்த மேடை. படிப்பவருக்கும் சுகமாகத்தான் இருக்கிறது. உழைத்தார்கள், பொறுத்தார்கள், நிலைத்தார்கள். இதில் யாருக்கு என்ன கேடு என்று தோன்றும்.

கேடு இருக்கிறது. ‘நம்ம ஊர்’ என்ற அந்தச் சொல் எந்த இடத்தில் பிரதிக்குள் நுழைகிறது, நுழையும்போது யாரை வெளியே தள்ளுகிறது என்று பார்த்தால் தெரியும். குவீன்ஸ்லாந்தின் வடக்கே கார்பென்டேரியா வளைகுடாவை ஒட்டிய நிலத்தைப் பற்றிய இரண்டு நாவல்களை எதிரெதிரே வைத்து இதைப் பேசலாம். ஒன்று நெவில் ஷூட் 1950இல் வெளியிட்ட ‘எ டவுன் லைக் ஆலிஸ்’. மற்றது அலெக்சிஸ் ரைட் 2006இல் வெளியிட்ட ‘கார்பென்டேரியா’. முன்னவர் 1948-49இல் தன் சொந்த விமானத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதிய ஆங்கிலேயர்; பிறகு அங்கேயே குடியேறியும் விட்டார். பின்னவர் அந்த வளைகுடா மண்ணின் வான்யி இனத்தைச் சேர்ந்தவர்.

ஷூட்டின் நாவல் வெகுஜன வெற்றி. 1956இல் திரைப்படமாகவும் 1981இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. நாயகி ஜீன் பேஜட். இரண்டாம் உலகப்போரில் மலாயாவில் ஜப்பானியரிடம் சிக்கி, ஊர் ஊராக நடத்திச் செல்லப்படும் பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி. போருக்குப் பின் மாமன் சொத்து அவளுக்கு வருகிறது. மலாயாவில் தங்களுக்காகக் கோழி திருடி ஜப்பானியரிடம் சிலுவைத் தண்டனை பெற்ற ஜோ ஹார்மனைத் தேடிக்கொண்டு ஆஸ்திரேலியா போகிறாள். அவன் இருக்குமிடம் வில்ஸ்டவுன் என்னும் கற்பனை ஊர். தங்கம் தீர்ந்ததும் செத்துப்போன ஊர். பெண்களுக்கு வேலையில்லை, அதனால் பெண்களே இல்லை. ஜீன் முதலைத்தோலில் செருப்புத் தைக்கும் பட்டறை போடுகிறாள், ஐஸ்கிரீம் கடை வைக்கிறாள், நீச்சல்குளம் வருகிறது. பெண்கள் தங்குகிறார்கள், கல்யாணங்கள் நடக்கின்றன. ஊர் பிழைத்துக்கொள்கிறது.

இந்தப் பிரதியை அதன் இரண்டு பாதிகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் மலாயாப் பாதியில் வீரத்தையும் ஆஸ்திரேலியப் பாதியில் உழைப்பையும் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரிசல் இருக்கிறது. மலாயாவில் ஜீன் ஒரு கிராமத்தில் தங்க விரும்பும்போது என்ன செய்கிறாள்? கிராமத் தலைவரிடம் கேட்கிறாள். பேசி, வாதாடி, அவர் சம்மதித்த பிறகே பெண்கள் அங்கே நாற்று நடுகிறார்கள். மூன்று வருஷம் விருந்தாளிகளாக, உழைத்து உண்ணும் விருந்தாளிகளாக இருக்கிறார்கள். போர் முடிந்து பணம் வந்ததும் அந்த ஊர்ப் பெண்களுக்குக் கிணறு வெட்டித்தரத் திரும்பி வருகிறாள். அதற்கும் தலைவரிடம் பேசித்தான் ஆக வேண்டும். அந்த நிலத்துக்கு ஆள் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

அதே ஜீன் வில்ஸ்டவுனில் யாரிடம் கேட்டாள்? யாரிடமும் இல்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கும் வரவில்லை, ஆசிரியருக்கும் வரவில்லை. சரி, அங்க ஆளே இல்லையா? இருக்கிறார்கள். ஜோவின் பண்ணையில் மாடு மேய்க்கிறவர்கள் பழங்குடியினர்தான். நாவல் அவர்களை மறைக்கவில்லை. இழிசொல்லால் அழைத்தபடி வேலையில் நிறுத்தி வைத்திருக்கிறது. ஐஸ்கிரீம் விற்பதில்கூட அவர்களுக்கென்று தனி இடம் ஒதுக்குகிறாள் ஜீன். நம்மூர் டீக்கடையில் தனிக் குவளை பார்த்த வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இத்தனைக்கும் ஜீன் நல்லவள். அவளுடைய நல்லதனத்தின் மீது பிரதிக்கு எந்தச் சந்தேகமும் இல்லை என்பதுதான் சிக்கல். தனி நபரின் நற்குணத்தால் கழுவிவிட முடியாத ஒரு ஏற்பாட்டின் மேல்தான் அந்த ஊர் நிற்கிறது.

ஏற்பாடு என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் இந்நாவல் ‘தி லெகசி’, அதாவது மரபுச் சொத்து, என்ற தலைப்பில் வந்தது. ஜீனின் பணம் அவளுக்கு 35 வயதாகும்வரை ஒரு லண்டன் வக்கீலின் பொறுப்பில் இருக்கிறது. பெண்ணுக்குப் பணத்தைக் கையாளத் தெரியாது என்பது மாமன் கருத்து. அந்த வக்கீல்தான் கதைசொல்லி. நல்ல மனுஷன், அவள் கேட்டதும் பணத்தை விடுவிக்கிறார், ஊர் எழுகிறது. இப்போது பிரதிக்கு வெளியே வாருங்கள். அதே குவீன்ஸ்லாந்தில் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பழங்குடியினரின் வாழ்வும் சம்பாத்தியமும் ‘காப்பாளர்’களின் கையில் இருந்தன. காப்பாளர் என்பவர் பல ஊர்களில் உள்ளூர்ப் போலீஸ்காரர். மாடு மேய்த்தவனின் கூலி அவர் கணக்கில் போகும். தன் காசைத் தானே எடுக்க அவரிடம் கை கட்டி நிற்க வேண்டும். பலருக்கு அது வந்து சேரவே இல்லை. பறிக்கப்பட்ட இந்தக் கூலிக்கான வழக்கில் குவீன்ஸ்லாந்து அரசு 2019இல் 19 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒத்துக்கொண்டது. உழைத்தவர்களில் பலர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள்.

ஆக, ஒரே நிலத்தில் இரண்டு பொறுப்புக் கணக்குகள். ஒன்று திறந்தது, அதிலிருந்து ஐஸ்கிரீம் கடை வந்தது. மற்றது மூடியே கிடந்தது. அதை வைத்து ஒரு குடும்பம்கூட எழ முடியவில்லை. முதல் கணக்கைக் கதையாக்கிய நாவல் இரண்டாவதைப் பேசவில்லை. இந்த மௌனத்தின் மேல்தான் ‘உழைத்தார்கள், நிலைத்தார்கள்’ என்ற கதையாடல் கட்டப்பட்டிருக்கிறது.

‘கார்பென்டேரியா’ இந்தக் கதையாடலைத் தலைகீழாக்குகிறது என்று சொன்னால் போதாது. அது தொடக்கத்தையே மாற்றிவிடுகிறது. குடும்பம் ஊருக்கு வருவதில்லை. சர்ப்பம் நதிகளை உண்டாக்கிய காலத்திலிருந்து மனிதர் இருக்கிறார்கள், ஊர்தான் பிறகு வருகிறது. டெஸ்பரன்ஸ் என்ற அந்தக் கடலோர ஊர் துறைமுகமாக உண்டாக்கப்பட்டது. நதி ஒரு மழைக்காலத்தில் தடம் மாறிப் போய்விட, தண்ணீரில்லாத துறைமுகமாக உட்கார்ந்திருக்கிறது. நார்மல் ஃபேன்டம் குடும்பம் ஊரின் விளிம்பில், முட்புதருக்குள், குப்பைமேட்டை ஒட்டி வாழ்கிறது. நார்மலின் மனைவி ஏஞ்சல் டே குப்பையில் பொறுக்கிய தகரத்தையும் பலகையையும் வைத்தே வீட்டைக் கட்டுகிறாள். குடியேறியவன் வீசியதில் குடியிருந்தவள் வீடு கட்டுகிறாள். இதைக் குறியீடு என்று சொல்லி நகர்ந்துவிட வேண்டாம். சொந்த நிலத்திலேயே அகதியானவர்களின் அன்றாடம் அது.

ரைட்டின் நாவலிலும் ஒருவன் வந்து சேருகிறான். எலியாஸ் ஸ்மித், நினைவு முழுதும் அழிந்து கடலிலிருந்து நடந்து வருகிற வெள்ளையன். பெயர்கூட ஊர் கொடுத்ததுதான். ஊர் அவனை ஏற்றுக்கொள்கிறது, பின்னால் துரத்தியும் விடுகிறது. நினைவே இல்லாதவன்தான் அந்த ஊருக்குப் பொருத்தமான குடிமகன் என்பது ரைட்டின் கசப்பான கிண்டல். நார்மலின் மகன் வில் சுரங்கக் கம்பெனியோடு மோதுகிறான். இதுவும் காற்றில் எழுந்ததல்ல. வளைகுடாப் பகுதியின் செஞ்சுரி துத்தநாகச் சுரங்கம் 1999இல் உற்பத்தியைத் தொடங்கியது. தாதுக்குழம்பு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் குழாய் வழியே கரும்பா துறைமுகத்துக்குப் போனது. வான்யி மக்கள் தங்களுக்குள்ளேயே பிளவுபட்டு நின்ற பிரச்சினை அது. நாவலின் கடைசியில் புயல் ஊரையே துடைத்துவிடுகிறது. வரலாற்றிலும் 1865இல் உண்டான பர்க்டவுனை மறு ஆண்டே காய்ச்சல் காலி செய்தது, 1887இல் கடல் ஏறி வந்து அடித்தது. நிலம் சம்மதிக்கவில்லை என்று நார்மலின் மக்கள் சொல்வார்கள். அதை மூடநம்பிக்கை என்று தள்ளுகிறவர்கள் வெள்ளச் சமவெளியில் ஊர் வைத்தவர்களின் அறிவியலையும் கொஞ்சம் விசாரிக்கலாம்.

ரைட்டை விமர்சனமில்லாமல் தூக்கிப் பிடிக்கவும் வேண்டியதில்லை. ஏஞ்சல் டேயை அத்தனை வீரியத்தோடு படைத்துவிட்டு, பாதிக்கு மேல் கதை அவளைக் கைவிட்டுவிடுகிறது. கடல், மீன், நட்சத்திரம் பற்றிய ஞானமெல்லாம் ஆண்கள் கையில். தாத்தாவும் பேரனும் கைகோத்து வீட்டை நோக்கி நடக்கிற முடிவு அழகுதான். அந்த வீட்டைக் கட்டியவள் அங்கே இல்லை. குடும்பம் என்ற அமைப்பை நாவல் மீட்கிறது, கேள்வி கேட்கவில்லை.

இதெல்லாம் தமிழில் ஏன் பேச வேண்டும்? சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘குடி’ நமக்குக் குடும்பம், வீடு, இனம், பிரஜை எல்லாமே. பழங்குடி என்பதிலும் அதே குடி, குடியேற்றம் என்பதிலும் அதே குடி. ஈழத்தமிழில் ‘குடியேற்றம்’ என்றால் அப்பாவித்தனமான சொல்லே கிடையாது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் முதல், அரசு நிலத்தைப் பங்கிட்டு ஆட்களைக் கொண்டுவந்து இருத்தி மக்கள்தொகைக் கணக்கை மாற்றிய அரசியல் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. வந்து இறங்கிய சிங்கள விவசாயிக் குடும்பமும் ஏழைதான், உழைத்ததுதான், பொறுத்ததுதான். அவர்கள் கதையை மட்டும் சொன்னால் அதுவும் ஒரு வில்ஸ்டவுன்.

இந்தச் சொல்லின் வலி தெரிந்தவர்கள் இன்று ஆஸ்திரேலியாவில் வாழ்கிறார்கள், எழுதுகிறார்கள். குவீன்ஸ்லாந்தின் பிலோயீலா என்ற சிற்றூரில் குடியமர்ந்த ஒரு தமிழ் அகதிக் குடும்பத்தை 2018 மார்ச்சில் அரசு பெயர்த்தெடுத்துத் தடுப்பில் வைத்தது. ஊர்க்காரர்களே போராடினார்கள். 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது, ஆகஸ்டில் நிரந்தர வதிவிடம் கிடைத்தது. மகிழ வேண்டிய வெற்றி. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. யார் இருக்கலாம், யார் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்த அரசுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் பாக்கி நிற்கிறது. அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற பொய்யை 1992இல் மாபோ வழக்கின் தீர்ப்பு உடைத்தது. ஆனால் பழங்குடியினருக்கு நாடாளுமன்றத்தில் ஆலோசனை சொல்லும் ஓர் அமைப்பு வேண்டுமா என்று 2023 அக்டோபர் 14 அன்று கேட்டபோது, வாக்களித்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

புலம்பெயர் எழுத்து இதுவரை பெரும்பாலும் விட்டு வந்த ஊரையே எழுதியிருக்கிறது. போய்ச் சேர்ந்த ஊரை எழுதும்போது பனியும் வெயிலும் தனிமையும் வருகின்றன. அந்த நிலத்தின் குடிகள் அபூர்வமாகவே வருகிறார்கள். அகதியிடம் போய் நீயும் ஆக்கிரமிப்பாளன் என்று குற்றம் சாட்டுவது அயோக்கியத்தனம். நாம் கேட்பது வேறு. அரசிடம் விசா கேட்கிறோம், வேறு வழியில்லை. எழுத்தில் யாரிடம் அனுமதி கேட்கிறோம்? மலாயாவில் கிராமத் தலைவர் முன் நின்று வாதாடிய ஜீனுக்கு அது தெரிந்திருந்தது. வில்ஸ்டவுனுக்கு வந்ததும் மறந்துவிட்டது. அந்த மறதியை உடைக்கிற ஒரு புலம்பெயர் நாவல் தமிழில் எழுதப்பட வேண்டும். குடியேற்றம் என்ற சொல்லின் இரண்டு முனையும் குத்திய கைகளால்தான் அதை எழுத முடியும்.