புத்தி சொல்வதும் தேற்றுவதும்

பழைய தமிழ் வேதாகமத்தில் இரண்டு சொற்கள் உண்டு. யோவான் சுவிசேஷத்தில் வரும் 'தேற்றரவாளன்' ஒன்று. பவுலின் நிருபங்களில் திரும்பத் திரும்ப வரும் 'புத்திசொல்லுதல்' மற்றொன்று. கிறித்தவக் கல்லூரிகளில் கவுன்சலிங் படிக்கும் மாணவியின் பாடத்திட்டத்தில் இந்தச் சொற்கள் இல்லாமல் போகலாம். ஆனால் அவள் படிக்கும் துறைக்குள் நடக்கும் சண்டை இவ்விரண்டுக்கும் இடையிலானதுதான். அந்தச் சண்டையில் பெண் எங்கே நிற்கிறாள் என்பதே என் கேள்வி.

1970இல் அமெரிக்க இறையியல் ஆசிரியர் ஜே ஆடம்ஸ் 'காம்பிட்டென்ட் டு கவுன்சல்' என்ற நூலை வெளியிட்டார். 'புத்திசொல்லுதல்' என்று தமிழில் வரும் அதே கிரேக்கச் சொல்லிலிருந்துதான் தன் முறைக்கு அவர் பெயர் எடுத்தார். உடல்நோயால் வராத மனத்துன்பம் பெரும்பாலும் பாவத்தில் வேர்கொண்டது, அதைச் சுட்டிக்காட்டித் திருத்துவதே ஆலோசகரின் வேலை, அதற்கு வேதம் போதும் என்பது அவர் வாதம். அவர் எதிர்த்தவர்களில் முக்கியமானவர் கார்ல் ரோஜர்ஸ். நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, அங்கிருந்து உளவியலுக்குப் போனவர் ரோஜர்ஸ். வந்தவரைத் தீர்ப்பிடாதே, நிபந்தனையின்றி ஏற்றுக்கொள், அவர் உணர்வதை உணர், நீயும் உண்மையாக இரு என்பது அவர் பாடம். விடை வந்தவரிடமே இருக்கிறது என்று அவர் நம்பினார்.

தேர்வில் ரோஜர்ஸ் வருகிறார். ஆனால் ஜெபக்கூட்டத்திலும், விடுதியிலும், ஊர்ச் சபையிலும், வீட்டிலும் மாணவி கேட்பது புத்திசொல்லும் குரலைத்தான். ஆடம்ஸின் பெயரையே கேட்டிராத போதகரும் அம்மாவும் அத்தையும் அதே குரலில்தான் பேசுகிறார்கள். பட்டம் வாங்கிய பிறகு அவள் ஏதேனும் ஒரு சபையின் ஆலோசனை மையத்தில் உட்கார்ந்தால், இரண்டும் அவளிடமே எதிர்பார்க்கப்படும்.

கணவனிடம் அடி வாங்கிய பெண் ஒருத்தி அந்த அறைக்குள் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். புத்திசொல்லும் மரபு அவளிடம் முதலில் கேட்பது, நீ என்ன செய்தாய், கீழ்ப்படிந்தாயா, ஜெபித்தாயா என்று. அடித்தவன் அறைக்கு வெளியே இருக்க, அடிபட்டவளின் நடத்தை விசாரணைக்கு வருகிறது. தேற்றும் மரபு இதைச் செய்யாது. "உங்களுக்குப் பயமாக இருக்கிறது" என்று அவள் சொன்னதையே அவளிடம் திருப்பிக் கொடுக்கும். ஒருநாளும் யாரும் காதுகொடுத்துக் கேட்காத பெண்ணுக்கு இது சிறிய விஷயம் அல்ல. பெண்ணியம் ரோஜர்ஸிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இது. ஆனாலும் இங்கே ஒரு மாற்றம் நடந்துவிடுகிறது. கன்னத்தில் விழுந்த அறை அவள் மனத்தின் ஓர் உணர்வாகிவிடுகிறது. உணர்வை ஆற்றி அனுப்பிய பிறகு அவள் திரும்பிப் போவது அதே வீட்டுக்குத்தான்.

"பொறுத்துப் போ" என்பது வெறும் இறையியல் அல்ல, சட்டமும் அப்படித்தான் இருந்தது. 1869ஆம் ஆண்டின் இந்திய மணவிலக்குச் சட்டப்படி, மனைவியின் பிறர்மனைத் தொடர்பு ஒன்றே கிறித்தவக் கணவனுக்குப் போதுமான காரணம். மனைவிக்கோ கணவனின் தொடர்போடு கொடுமையோ கைவிடுதலோ சேர்ந்திருக்க வேண்டும். கொடுமை மட்டும் என்றால் நீதிமன்றம் வழியாகப் பிரிந்து வாழலாம், மணவிலக்கு கிடையாது. 1995இல் கேரள உயர் நீதிமன்றம் இந்தப் பாகுபாட்டை உடைத்தது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த 2001 ஆனது. அதுவரை அடிபட்ட கிறித்தவப் பெண்ணிடம் ஆலோசகர் சொன்ன எந்த வார்த்தைக்கும் பின்னால் இந்தப் பூட்டிய கதவு இருந்தது. இதைச் சொல்லிக்கொடுக்காத கவுன்சலிங் வகுப்பு, அந்தப் பெண்களின் பொறுமையை அவர்களுடைய குணம் என்று தவறாக வாசிக்க வைக்கும்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஆலோசனையை வேறு மாதிரி பார்க்கிறது. மாஜிஸ்திரேட் ஆலோசனைக்கு அனுப்பலாம். ஆனால் 2006இன் விதிகள், தான் அடித்ததற்கு நியாயம் சொல்ல எதிர்மனுதாரருக்கு அங்கே இடமில்லை என்கின்றன. அதை அவனுக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டும். ஆலோசகர்கள் கூடுமானவரை பெண்களாக இருக்க வேண்டும். இங்கே ஆலோசகர் தீர்ப்பிடாதவர்தான், ஆனால் நடுநிலையாளர் அல்ல. ரோஜர்ஸும் ஆடம்ஸும் தராத ஒன்றை இந்த விதி தருகிறது: வன்முறை பேரம் பேசும் பொருள் அல்ல என்ற தொடக்கப்புள்ளி.

இந்தப் படிப்பை மலையில் வைத்துப் பார்த்தால் அதன் போதாமை இன்னும் தெளிவாகும். கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்றான திருப்புலி நாட்டிலிருந்து ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண் கீழே வந்து கவுன்சலிங் படிக்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். அவள் ஊர்ப் பெண்களின் திருமணத்துக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது. பட்டியல் பழங்குடியினரை அச்சட்டத்தின் 2(2) பிரிவு விலக்கிவைக்கிறது. சேர்வதும் பிரிவதும் வழக்காற்றின்படி, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில். பக்கத்து வீடு கிறித்தவ வீடாக இருந்தால் அங்கே 1869 சட்டம். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருப்பது 2005 சட்டம். அமெரிக்க நகரத்தின் மூடிய அறையை மனத்தில் வைத்து எழுதிய பாடம் இந்த மூன்றையும் அவளுக்குச் சொல்வதில்லை.

கிறித்தவ நிறுவனங்களுக்கு நம் பெண்கள் பட்ட கடன் பெரிது. 1915இல் சென்னையில் மகளிர் கிறித்தவக் கல்லூரி தொடங்கியது. 1918இல் வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். கொல்லிமலைக்கும் அப்படி ஒருவர் உண்டு, ஈவ்லின் பிராண்ட். 1929இல் கணவர் ஜெஸ்ஸி இறந்த பிறகும் பணியை விடவில்லை. வயதாகிவிட்டதென்று மிஷன் ஓய்வு கொடுத்தபோது, அந்தப் புத்திமதியைக் கேளாமல், தன் சொந்தப் பொறுப்பில் மலையேறினார். 1974இல் 95 வயதில் இறந்தார். சபைகள் அவரைத் தியாகத்துக்கு எடுத்துக்காட்டுகின்றன. அவர் கீழ்ப்படிய மறுத்ததையும் சேர்த்து நாம் வாசிக்க வேண்டும். அதோடு, டாரத்தி கிளார்க் வில்சன் 1976இல் எழுதிய வாழ்க்கை வரலாறு 'கிரானி பிராண்ட்'டுடையது என்பதையும் மறக்கக் கூடாது. மலைப்பெண்கள் தாங்களே சொன்ன வரலாறு அல்ல அது.

கவுன்சலிங்குக்குத் தமிழ்நாட்டில் 'ஆற்றுப்படுத்தல்' என்ற சொல்லும் புழங்குகிறது. வழிப்படுத்துதல் என்று பொருள். பரிசில் பெற்ற பாணர் பெறாதவருக்கு வழி சொன்ன ஆற்றுப்படைகளின் மரபில் வந்த சொல். அந்த நூல்களில் எந்தக் காடு, எந்த ஊர், எங்கே சோறு கிடைக்கும் என்பதெல்லாம் இருக்கும். நம் வகுப்புகளிலும் அந்த அளவுக்காவது வழி வேண்டும். முதல் சந்திப்பிலேயே "இன்றிரவு வீட்டுக்குப் போவது பாதுகாப்பா?" என்று கேட்கப் பழக வேண்டும். கணவனையும் மனைவியையும் ஒரே அறையில் உட்காரவைக்கும் முன் யோசிக்க வேண்டும். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் யார், 181 என்ற எண் எதற்கு என்பவை ரோஜர்ஸ் வரும் அதே தாளில் கேள்வியாக வர வேண்டும். திருப்புலி நாட்டுப் பெண்ணுக்கு மாவட்ட அலுவலகம் என்றால் மலையிறங்கி நாமக்கல் வரை. காரவள்ளி வழியென்றால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பேருந்துக் காசு அவளிடம் இருக்கிறதா என்று கேட்பதும் ஆலோசனைதான்.