ஊசி யார் கையில்?

படத்தில் குத்தினால் உடலில் வலிக்குமா? வலிக்காது என்பது பகுத்தறிவு. ஆயினும், பெற்ற தாயின் புகைப்படத்தைக் கையில் கொடுத்து, கண்ணிலே ஓர் ஊசியைச் செருகச் சொன்னால், விரல் தயங்குகிறது, நெஞ்சு பதைக்கிறது. முத்தாண்டிக்குப்பத்துக் கூட்டத்திலே 'பில்லியும் சூனியமும் பித்தலாட்டம்' என்று முழங்கும் நம் தோழருக்கும் தயங்கத்தான் செய்யும்!

அமெரிக்க உளநூல் அறிஞர் பால் ரோசின் குழுவினர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்துக் காட்டினர். முகப் படங்களைக் குறியாக வைத்துச் சிற்றம்பு எறியச் சொன்னார்கள். வெறுப்பவர் படத்தைவிட, விரும்புபவர் படத்திலே குறி அதிகம் தவறிற்று. படம் வெறும் தாள் என்பதை அறியாதவரல்லர் அவர்கள். அறிவு அறிந்ததைக் கை ஏற்கவில்லை. அந்தத் தயக்கம் ஆவிக்குச் சான்றன்று, அன்புக்குச் சான்று. அதையே முதலாக்கிப் பிழைக்கிறான் மந்திரவாதி.

அதே தயக்கத்தைக் கலை எப்படி ஆளுகிறது? நியூயார்க்கில் வாழும் இந்தியக் கலைஞர் ஸ்பந்திதா மாலிக்கின் 'நாரி' என்னும் படவரிசையைக் காண்க. வன்முறைக்கு ஆளான பெண்களைப் படம் பிடித்து, கதர்த் துணியில் அச்சிட்டு, அவர்களிடமே திருப்பித் தந்தார். பூத்தையல் வல்ல அப்பெண்கள், புல்காரி, சர்தோசி எனத் தமக்குக் கைவந்த வேலைப்பாட்டைத் தம் உருவத்தின் மீதே தைத்தனர். முகத்தையே நூலால் மூடிக்கொண்டவரும் உண்டு.

பார்ப்பவர் நிலை என்ன? முதலில் பட்டு நூலின் பளபளப்பு கண்ணைப் பறிக்கிறது; தொட்டுப் பார்க்க விரல் துடிக்கிறது. மறுகணம், ஒவ்வொரு பூவுக்கும் ஊசி எத்தனை முறை உருவத்தைத் துளைத்திருக்கும் என்ற எண்ணம் எழ, மேனி சிலிர்க்கிறது. கண்டது அழகா, காயமா? இரண்டும்தான். அதுவே இக்கலையின் வெற்றி; ஆபத்தும் அதுவே. 'என்ன நேர்த்தி!' என்பதோடு நகர்ந்துவிடுவோர், பெண்ணின் துயரைச் சுவர் அலங்காரமாக்கி விடுவர். துளி கண்ணீர் சிந்தித் தன்னை நல்லவனாக எண்ணிக் கொள்பவனும் அவர்களுக்கு அண்ணன் தம்பியே!

சூனியக்காரனின் பொம்மையிலே ஊசி பிறர் கையில் இருக்கிறது. இங்கோ, அது அவள் கையிலேயே இருக்கிறது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவு செய்பவள் அவள். மறைத்தது அச்சமா, விருப்பமா என்று நூல் சொல்லவில்லை. சொல்லும்படி கேட்க நமக்கு உரிமையுமில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. அதற்குப் பின்னும் பெண்ணொருத்தி தன் வேதனையை வாய்விட்டுக் கூறாமல் நூலால் எழுத நேர்வது ஏன்?

படத்தின் முன் சிலிர்ப்பது எளிது. அடுத்த வீட்டுச் சுவருக்கு அப்பால் அடி விழும் ஓசை கேட்கையில், 'அது அவர்கள் குடும்ப விவகாரம்' என்று போர்வையை இழுத்துக்கொள்கிறோமே, அப்போது அந்தச் சிலிர்ப்பு எங்கே போயிற்று? அதற்கு விடை சொல்லும் கடமை கலைஞருக்கல்ல, நமக்கு!