டிரைப்பின் இணைப்படங்களும் திருவில்லிபுத்தூர்க் கோபுரமும்

நிழற்படத்தைச் சான்றாகக் கொண்டு கோயிற்கலையை ஆராய்வோர், அப்படம் எதனைக் காட்ட வல்லது, எதனைக் காட்ட மாட்டாதது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். இதனை விளக்க லினேயஸ் டிரைப் என்பாரின் படங்கள் பெரிதும் துணைபுரியும்.

டிரைப் (1822-1902) சென்னைப் படையைச் சார்ந்த ஆங்கிலேய அலுவலர். 1856இல் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக் கலைஞராக அமர்த்தப்பெற்றார். மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய ஊர்களின் காட்சிகளை 1858இல் தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றோடு ஸ்டீரியோகிராப் எனப்படும் இணைப்படங்களும் வெளிவந்தன. ஒரே காட்சியை இரு கண்களும் தனித்தனியே காணும் கோணங்களில் எடுத்து அருகருகே ஒட்டியது இணைப்படம். வில்லைகள் பொருத்திய கருவியின் வழியே நோக்குங்கால் இரண்டும் ஒன்றாகி, ஆழம் புலப்படும். இதன் அடிப்படையை வீட்ஸ்டன் என்னும் அறிஞர் 1838இல் விளக்கினார்.

ஆழம் தோன்றுதலால் இணைப்படமே மெய்ம்மைக்கு மிக அணித்தது எனக் கருதுதல் இயல்பு. அக்கருத்து முற்றும் பொருந்துவதன்று. நம் கண்களின் இடைவெளி ஏறத்தாழ 2½ அங்குலமே. அண்மையிலுள்ள பொருளை நோக்கும்போது இரு கண்களின் காட்சிகளும் வேறுபடும். தொலைவில் அவ்வேறுபாடு மறையும். இராசபாளையத்திலிருந்து வருவோர்க்குத் திருவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரம் வானில் தீட்டிய ஓவியம்போல் தட்டையாகவே தோன்றும். கோயில் மண்டபத்துள் புகுந்தாலோ, தூணுக்குப் பின் தூணாக ஆழம் விரியும். படமெடுக்கும் இரு நிலைகளின் இடைவெளியை மிகுத்தால் கோபுரமும் ஆழம் பெறும். ஆயின் பொம்மைபோற் சிறுத்துத் தோன்றும். ஆகவே இணைப்படம் மண்டபத்தைக் காட்டுதற்கு உரியது. கோபுரத்தின் பெருமிதம் அதற்கு எட்டாது.

டிரைப்பின் தொகுதிகளுள் திருவில்லிபுத்தூர்க்கெனத் தனித்தொகுதி இல்லை. எனினும், அங்கும் அரண்மனை எழுப்பிய திருமலை நாயக்கரின் (1623-1659) மதுரை அரண்மனையை அவர் படமெடுத்துள்ளார். நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த காலத்தில் (1866-1872) அது செப்பனிடப்பெற்றது. அதற்கு முன்னிருந்த சிதைந்த நிலையை அறிய அப்படங்கள் அரிய சான்றாகும்.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாமல் இருத்தல் இயலாது. தொல்காப்பியர் பாடற்பொருளை முதல், கரு, உரி என வகுப்பர். டிரைப்பின் படங்களில் நிலமாகிய முதற்பொருள் உண்டு. மரம் முதலிய கருப்பொருளும் சில உண்டு. உரிப்பொருளாகிய மக்கள் ஒழுகலாறு பெரும்பாலும் இல்லை. மெழுகிட்ட தாளில் உருப்பதிய நெடுநேரம் வேண்டும். அந்நேரத்தில் அசைவோர் பதியார். கட்டடத்தைப் பதிவு செய்வதே அவர்தம் பணியின் நோக்கமுமாகும். எனவே, அவற்றிற் காணும் வெறுமை கருவியாலும் நோக்கத்தாலும் விளைந்தது. கோயில்களின் வெறுமை அன்று. இதனை மறந்து, நம் கோயில்கள் அந்நாளில் ஆளரவமற்றுக் கிடந்தன என எழுதுதல் பெரும்பிழையாகும்.

கல்லின் வடிவை டிரைப்பிடம் கற்போம். அக்கல்லிடை வாழ்ந்தோர் வாழ்வைக் கல்வெட்டினும் இலக்கியத்தினும் வழிபாட்டு மரபினும் தேடுவோம். இரண்டையும் இணைத்துக் காண்பதே ஆராய்ச்சிக்கு முழுப்பார்வை நல்கும்.